தொழிற்கூடப் பாதுகாப்பு: போபால் புகட்டும் பாடம்

ஆண்டுதோறும் மார்ச் 4-ஆம் நாள் நம் நாட்டில் தேசியப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1966-ஆம் ஆண்டு அதே நாளில் தேசியப் பாதுகாப்புக் குழு தொடங்கப்பட்டதன் நினைவாக இவ்விழா நடைபெறுகிறது. அன்று ஆலை வாயில்களில் கொடி ஏற்றுகிறார்கள். தொழிலாளர் சட்டையில் சிறு சின்னம் குத்துகிறார்கள். அனைவரும் வரிசையில் நின்று உறுதிமொழி எடுக்கிறார்கள். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் அடுத்த வாரமே ஏதேனும் ஓர் ஆலையில் விபத்து நேர்ந்தால், நாளேட்டில் நாம் வழக்கமாகக் காணும் சொல் ஒன்று உண்டு. 'கவனக்குறைவு' என்பதே அது. தொழிலாளியின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது என்ற ஒரே வரியில் செய்தி முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரி போதுமானதுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அபாயமும் இடரும்

முதற்கண் இரண்டு சொற்களைப் பிரித்தறிந்து கொள்வோம். தீங்கு செய்யும் ஆற்றல் ஒரு பொருளிடம் இருப்பது 'அபாயம்'. அத்தீங்கு உண்மையில் நேர்வதற்கான வாய்ப்பையும், நேர்ந்தால் விளையும் கேட்டின் அளவையும் சேர்த்து எண்ணுவது 'இடர்'. நம் கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அடர் கந்தக அமிலம் இருக்கிறது. அது பூட்டிய அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தாலும் அபாயம் அபாயமே. ஆனால் இடர் மிகக் குறைவு. அதே சீசாவை மாணவர் கூடி நிற்கும் மேசையின் ஓரத்தில் வைத்தால் இடர் பன்மடங்காகிறது. அமிலம் மாறவில்லை, அதை வைத்திருக்கும் ஏற்பாடுதான் மாறியது.

ஆலைகளிலும் இதே நிலைதான். எந்தப் பொருளை எவ்வளவு சேர்த்து வைப்பது, எந்தக் கருவியைப் பொருத்துவது, எத்தனை பேரை வேலைக்கு அமர்த்துவது, பழுது பார்க்க எவ்வளவு பணம் ஒதுக்குவது ஆகிய முடிவுகளை எடுப்பவர் தொழிலாளி அல்லர். அவை நிர்வாகத்தின் முடிவுகள். ஆகவே இடரின் பெரும்பகுதி முதலாளியின் கையில்தான் இருக்கிறது. இதனை விளக்க உலகமே அறிந்த ஒரு துயர நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம்.

போபால் ஆலை

மத்தியப் பிரதேசத்தின் தலைநகரான போபாலில் யூனியன் கார்பைடு இந்தியா நிறுவனம் 1969-ஆம் ஆண்டு பூச்சிமருந்து ஆலை ஒன்றை நிறுவியது. அந்நிறுவனத்தின் பங்குகளில் 50.9 விழுக்காடு அமெரிக்காவின் யூனியன் கார்பைடு கழகத்திடம் இருந்தது. அங்குத் தயாரான முக்கிய மருந்து 'செவின்' என்பது. அதைச் செய்வதற்கு இடைப்பொருளாக மெதில் ஐசோசயனேட் என்னும் நச்சு இரசாயனம் தேவைப்பட்டது. சுருக்கமாக எம்.ஐ.சி. என்பர். 1980 முதல் இதையும் அந்த ஆலையிலேயே தயாரித்து, பூமிக்கடியில் புதைத்த பெரிய தொட்டிகளில் சேமித்து வைத்தார்கள்.

எம்.ஐ.சி. ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும். நம் ஊர்க் கோடையின் வெப்பமே அதற்குப் போதும். அதனுடன் தண்ணீர் கலந்தால் கடும் வெப்பம் உண்டாகும். அந்த வெப்பம் வினையை மேலும் விரைவுபடுத்தும். எனவே அதைக் குளிர்ந்த நிலையில், தண்ணீர் அணுகாமல் வைத்திருக்க வேண்டும். ஆலையை அமைத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அறிந்தே பல அரண்களை ஏற்படுத்தியிருந்தார்கள்.

அரண்கள் இருந்தன, இயங்கவில்லை

அக்கால மன்னர்கள் தம் கோட்டைக்கு அகழி, மதில், காவற்காடு என ஒன்றன்பின் ஒன்றாக அரண் அமைத்தார்கள். ஒன்று வீழ்ந்தாலும் மற்றொன்று காக்கும் என்பதே அதன் கருத்து. போபால் ஆலையிலும் அவ்வாறே அரண்கள் இருந்தன. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவில் அவை எந்நிலையில் இருந்தன என்று பார்ப்போம்.

முதல் அரண், எம்.ஐ.சி.யைக் குளிர்விக்கும் இயந்திரம். அது 1984 ஜூன் மாதமே நிறுத்தப்பட்டது. அதிலிருந்த குளிரூட்டும் பொருளும் எடுக்கப்பட்டு ஆலையின் வேறு பணிக்குப் பயன்படுத்தப்பட்டது.

இரண்டாம் அரண், தொட்டியின் வெப்பம் ஏறினால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி. குளிர்விப்பு நிறுத்தப்பட்டபின் தொட்டி எப்போதுமே உரிய அளவைவிட வெப்பமாகத்தான் இருந்தது. எனவே அந்த மணியால் பயனில்லாமற் போயிற்று.

மூன்றாம் அரண், வெளிவரும் வாயுவைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவி நச்சு நீக்கும் கோபுரம். எம்.ஐ.சி. உற்பத்தி அக்டோபரில் நின்றதும் இதனை இயக்கத்திலிருந்து எடுத்து, தேவைப்பட்டால் தொடங்கும் நிலையில் வைத்துவிட்டார்கள். தொட்டிகளில் எம்.ஐ.சி. நிறைந்திருந்தபோதே இது நடந்தது.

நான்காம் அரண், தப்பி வரும் வாயுவை எரித்துவிடும் சுடர்க் கோபுரம். அதற்குச் செல்லும் குழாயின் ஒரு பகுதி அரித்துப் போனதால் கழற்றப்பட்டிருந்தது. புதுக்குழாய் இன்னும் பொருத்தப்படவில்லை.

ஐந்தாம் அரண், நீர்த்திரை. வாயுவின்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடக்குவது இதன் வேலை. வாயு வெளிவந்த குழாயின் உச்சி ஏறத்தாழ 100 அடி உயரம். பீய்ச்சிய நீர் அந்த உயரத்தை எட்டவில்லை.

ஆறாம் அரண், மனிதர். எம்.ஐ.சி. பிரிவில் ஒரு முறைக்கு 12 பேராக இருந்த பணியாளர் எண்ணிக்கை 6 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. இரவு முறையில் பராமரிப்பு மேற்பார்வையாளர் என்னும் பதவியே எடுக்கப்பட்டுவிட்டது.

இவ்வாறெல்லாம் ஏன் செய்தார்கள்? செவின் விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை. ஆலை நட்டத்தில் ஓடியது. செலவைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. வணிகவியல் பயிலும் நமக்குச் செலவுக் குறைப்பு புதிய பாடமன்று. ஆயினும் கணக்கேட்டில் செலவாகத் தெரியும் ஒரு தொகை, உண்மையில் உயிரைக் காக்கும் விலையாக இருக்கக்கூடும் என்பதை எந்தப் பேரேடும் தனிப் பத்தியில் காட்டுவதில்லை.

அன்றிரவு

அன்று இரவு 'இ-610' என்னும் தொட்டியில் 40 டன்னுக்கும் மேற்பட்ட எம்.ஐ.சி. இருந்தது. அதற்குள் தண்ணீர் புகுந்தது. இரவு 10.20 மணிக்குத் தொட்டியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2 இராத்தல் என்று குறிக்கப்பட்டிருந்தது. பணிமுறை மாறியபின் 11 மணியளவில் அது 10 ஆகியிருந்தது. புதிதாக வந்தவருக்கு முந்தைய அளவு தெரியாது. 10 என்பதும் வழக்கமான எல்லைக்குள் அடங்கியதுதான். ஆகவே அதில் ஐயம் எழவில்லை. சற்று நேரத்தில் தொழிலாளர் சிலருக்குக் கண் எரிந்தது. சிறு கசிவுகள் அந்த ஆலையில் பழகிப்போன ஒன்று. தேநீர் இடைவேளைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். நள்ளிரவு கடந்ததும் அழுத்தமானி தன் எல்லையைத் தாண்டியது; பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டது; நச்சு வாயு உறங்கிக்கொண்டிருந்த ஊரின்மேல் இறங்கியது.

கண் எரிந்தும் தேநீர் அருந்தச் சென்றவர்களைக் 'கவனக்குறைவு' என்று குற்றம் சாட்டுவது எளிது. கசிவு என்பது அன்றாட நிகழ்ச்சியாகிவிட்ட ஓரிடத்தில், இன்றைய கசிவு மட்டும் வேறு என்று ஒருவன் எப்படி அறிவான்? ஆபத்தைப் பழக்கமாக்கியது யார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தண்ணீர் எவ்வாறு புகுந்தது என்பதில் இருவேறு கூற்றுகள் உண்டு. குழாய்களைக் கழுவும்போது இடையில் செருகவேண்டிய தடுப்புத் தகட்டைச் செருகாததால் தண்ணீர் உள்ளே சென்றது என்பது ஒன்று. மனக்குறை கொண்ட தொழிலாளி ஒருவர் வேண்டுமென்றே தொட்டியில் தண்ணீரை விட்டார் என்பது நிறுவனம் கூறியது. எது உண்மையாயினும் நம் பொருளுக்கு முடிவு ஒன்றே. ஒருவரது மறதியோ பகையோ, ஓர் ஊரையே அழிக்கும் அளவுக்கு வளர வழிவிட்டது எது? குளிர்விக்கும் இயந்திரம் ஓடியிருந்தால் வினை மெதுவாக நிகழ்ந்திருக்கும்; மற்றவற்றைச் செய்ய நேரம் கிடைத்திருக்கும். மறதியும் கோபமும் மனித இயல்புகள். அவை என்றேனும் ஒருநாள் வரும் என்று எண்ணித்தான் அரண் அமைக்கிறோம். வரும் நாளில் அரண் உறங்கினால் குற்றம் யாருடையது?

முன்னரே ஒலித்த குரல்கள்

இந்த விபத்து எச்சரிக்கையின்றி வந்ததன்று. 1981 டிசம்பரில் அதே ஆலையில் பாஸ்ஜீன் என்னும் நச்சுப்பொருள் பட்டு ஒரு தொழிலாளி இறந்தார். 1982 மே மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த குழுவினர் ஆலையைச் சோதித்துப் பாதுகாப்புக் குறைகள் பலவற்றைச் சுட்டிக்காட்டினார்கள். போபால் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி 1982-லேயே, நகரத்துக்குப் பேராபத்து காத்திருக்கிறது என்று தம் சிறிய வார இதழில் தொடர்ந்து எழுதினார். செவி சாய்த்தவர் இலர்.

ஆலைக்கு வெளியே வாழ்ந்த மக்களின் நிலை இன்னும் பரிதாபமானது. அங்கே என்ன இரசாயனம் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஊரை எழுப்ப வேண்டிய சங்கு சிறிது நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. அது மறுபடியும் முழங்கியபோது மணி ஏறத்தாழ இரண்டு. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிச் செல்லுங்கள் என்ற எளிய அறிவுரை முன்னரே தரப்பட்டிருந்தால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு துண்டறிக்கை போதும். மருத்துவர்களுக்கும் இன்ன நஞ்சு, இன்ன மருத்துவம் என்று சொல்வாரில்லை.

மத்தியப் பிரதேச அரசு உறுதி செய்த இறப்பு எண்ணிக்கை 3,787. உண்மைத் தொகை இதைவிடப் பன்மடங்கு என்று பலரும் கூறுகின்றனர். பாதிக்கப்பட்டோர் 5,58,125 பேர் என 2006-இல் அரசே தெரிவித்தது. 1989-இல் நிறுவனம் 47 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. மேலும் இழப்பீடு வேண்டும் என்று மத்திய அரசு தொடுத்த மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. இந்திய நிர்வாகிகள் எழுவருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது 2010-இல்தான். விபத்து நடந்து அப்போது 25 ஆண்டுகள் கடந்திருந்தன. ஆலையில் கிடந்த நச்சுக் கழிவில் 337 டன் அப்புறப்படுத்தப்பட்டது 2025 சனவரியில். அதைப் பீதம்பூரில் எரித்து முடிக்க ஆண்டின் நடுப்பகுதி ஆயிற்று. நிறுத்தி வைத்த இயந்திரங்களால் மிச்சப்பட்ட பணத்தையும் இந்த விலையையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது!

சட்டம் கண்ட மாற்றம்

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது பழமொழி. ஆயினும் போபாலுக்குப் பின் நம் நாட்டுச் சட்டம் விழித்துக்கொண்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 1987-இல் திருத்தப்பட்டது. தொழிலாளரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் காப்பது ஆலையை நடத்துபவரின் பொதுக்கடமை என்று அத்திருத்தம் வெளிப்படையாகக் கூறியது. அபாயகரமான ஆலைகள் தம்மிடமுள்ள அபாயங்களைத் தொழிலாளருக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும், நெருக்கடித் திட்டம் வகுக்க வேண்டும், நிர்வாகத்தாரும் தொழிலாளரும் சம அளவில் அமர்ந்த பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்றும் விதித்தது.

இதற்கிடையே, 1985 டிசம்பரில் தில்லியில் ஓர் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1986 டிசம்பர் 20-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. அபாயகரமான தொழிலை நடத்தி இலாபம் காண்பவர், அதனால் விளையும் தீங்குக்கு முழுப்பொறுப்பு ஏற்க வேண்டும். நான் கவனமாகத்தான் இருந்தேன் என்று கூறித் தப்ப முடியாது என்பதே அதன் சாரம். இழப்பீட்டை நிர்ணயிக்கும்போது நிறுவனத்தின் வசதியையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். ஏழைத் தொழிலாளியின் 'கவனக்குறைவு' பேசப்பட்ட நாட்டில், முதலாளியின் பொறுப்பை நடுவில் நிறுத்திய தீர்ப்பு இது எனலாம்.

பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் இப்பொழுது 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் வந்துள்ளது. இது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. பணியிடத்தை அபாயமின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை. பாதுகாப்புக்கெனச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது. உடனடி ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் தொழிலாளி அதை எடுத்துரைக்கலாம் என்றெல்லாம் இது கூறுகிறது. 500 பேருக்குக் குறையாத ஆலையிலும், அபாயத் தொழிலாயின் 250 பேருக்குக் குறையாத ஆலையிலும் பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும். அதாவது இருநூறு பேர் வேலை செய்யும் ஓர் இடத்தில் அந்த அலுவலர் சட்டப்படி கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று பொருளாகுமா? சட்டம் குறைந்தபட்ச எல்லையைத்தான் காட்டுகிறது. அந்த எல்லையில் நின்றுவிடாமல் தன் கூடத்தின் இடரைத் தானே எண்ணிப் பார்ப்பவரே நல்ல முதலாளி.

செய்ய வேண்டியது யாது?

பாதுகாப்பு வல்லுநர்கள் இதற்கு ஒரு வரிசை வகுத்திருக்கிறார்கள். வரிசையின் மேலிருந்து கீழே வர வர வலிமை குறையும்.

முதலாவது, அபாயத்தையே நீக்குதல். ஆலையில் இல்லாத பொருள் கசிய வழியில்லை என்னும் எளிய உண்மையை ட்ரெவர் கிளெட்ஸ் என்ற பிரிட்டிஷ் இரசாயன அறிஞர் 1970-களிலேயே வலியுறுத்தினார். எம்.ஐ.சி. விற்பனைப் பொருளன்று, வெறும் இடைப்பொருள். அதை டன் கணக்கில் சேமிக்காமல் அவ்வப்போது தேவைக்கேற்பச் செய்து பயன்படுத்தியிருக்கலாம்.

இரண்டாவது, தீங்கு குறைந்த மாற்றைத் தேடுதல். எம்.ஐ.சி. இல்லாமலே செவின் செய்யும் முறையும் வேதியியலில் உண்டு.

மூன்றாவது, இயந்திர ஏற்பாடுகள். வேலி, மூடி, தானே நிறுத்தும் விசை, வாயு கழுவும் கோபுரம் போன்றவை இதில் அடங்கும்.

நான்காவது, விதிகளும் பயிற்சியும். ஐந்தாவதும் கடைசியானதும், தொழிலாளி அணியும் தலைக்கவசம், கையுறை, முகமூடி முதலியவை.

நடைமுறையில் நாம் காண்பதோ தலைகீழ் வரிசை. பல இடங்களில் முதலாளி கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார். ஒரு கையுறையும் ஓர் எச்சரிக்கைப் பலகையும் வாங்கி வைத்ததோடு கடமை முடிந்தது என்று கருதுகிறார். பிறகு விபத்து நேர்ந்தால், "கையுறை கொடுத்தோம், அவன் போடவில்லை" என்கிறார். போடாதது தவறுதான். ஆனால் மேலே உள்ள நான்கு படிகளையும் ஏறிப் பார்க்காதவருக்கு அதைச் சொல்லும் தகுதி உண்டா?

நமக்கு இதில் என்ன வேலை?

பொறியியல் மாணவர்களுக்கு உரிய செய்தியைக் கலைக்கல்லூரி மலரில் ஏன் எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். நம்மில் பலர் நாளை அலுவலகங்களிலும் ஆலைகளிலும் எழுத்தராக, கணக்கராக, மேலாளராக அமரப் போகிறோம். சிலர் சொந்தத் தொழில் தொடங்கி முதலாளியும் ஆவோம். பராமரிப்புக்குக் கேட்ட தொகையை அடித்துக் குறைக்கும் பேனா நம் கையில்தான் இருக்கும். ஆய்வுப் பதிவேட்டில் கையொப்பம் இடுவதும் நம்முடைய வேலையாகவே இருக்கும்.

போபால் ஆலைக்கு ஒரு பாதுகாப்புப் பட்டியல் அனுப்பி, குளிர்விக்கும் இயந்திரம் உண்டா, வாயு கழுவும் கோபுரம் உண்டா, சுடர்க் கோபுரம் உண்டா, நீர்த்திரை உண்டா, சங்கு உண்டா என்று கேட்டிருந்தால், அத்தனைக்கும் எதிரே 'உண்டு' என்றே எழுதியிருக்கலாம். அதில் ஒரு சொல்லும் பொய்யாகாது. எல்லாம் இருந்தன. கேட்க வேண்டிய கேள்வி 'உண்டா' என்பதன்று. 'இன்று இயங்குகிறதா' என்பதே. சட்டத்துக்குக் காகிதத்தில் விடை எழுதுவது வேறு. இடரை உண்மையாகவே ஆள்வது வேறு. இரண்டுக்கும் இடையே ஓர் ஊரின் உயிர் தங்கியிருக்கலாம்.

நாளை ஒரு பதிவேடு நம் முன்னே வரும்போது, நாற்காலியை விட்டு எழுந்து, அந்தக் கருவி இருக்கும் இடம்வரை நடந்து சென்று, அது இயங்குவதைக் கண்ணால் கண்டபின் கையொப்பம் இடுவோம். இந்தப் பழக்கத்தை இன்றே தொடங்கலாம். ஆய்வுக்கூட வாயிலில் ஒரு தீயணைப்புக் கருவி தொங்குகிறது. அதில் கட்டியுள்ள அட்டையில் கடைசியாகச் சோதித்த தேதி எழுதப்பட்டிருக்கும். அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது, நண்பர்களே, சற்று நின்று அத்தேதியைப் படியுங்கள்.